தோளில் இறங்கிய காய்ப்பு

மேனாம்பேடு, அம்பத்தூர்
11.2.2024

அன்பு மகள் நிஷாவுக்கு,

உன் நைனா துலுக்கானம் எழுதுவது. தபால் ஆபீசில் போய் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார், லவ்வருக்கா?" என்றாள். "பொண்ணுக்கும்மா. ஓசூர்ல வேலை. நான் கூப்டா போனை எடுக்க மாட்டேங்குது" என்றேன். "எம்புள்ளையும் அப்டித்தான்" என்று ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். பத்தாவது படிக்கும்போது லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதில் இல்லாத காய்ச்சலை இருப்பதாக எழுதினேன். இதில் அப்படிச் செய்ய மாட்டேன்.

நீ சொல்லி அனுப்பியதை அம்மா ஒரு எழுத்துக் குறையாமல் ஒப்பித்தாள். நைனா போனில் பேசினால் என்னைச் சிரிக்க வைத்துவிட்டு நழுவிவிடும், எழுதச் சொல், எழுதினால்தான் பதில் என்றாயாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். தோளைக் காட்ட நீ நேரம் வாங்கி வைத்த டாக்டரிடம் நான் போகவில்லை. போனேன், களிம்பு கொடுத்தார் என்று சொன்னது பொய். உனக்கு போட்டோ எடுத்து அனுப்பிய களிம்பு மட்டும் உண்மை. அது அம்மாவின் முட்டிவலிக்கு வாங்கியது. அந்த நேரத்தில் நான் திருமுல்லைவாயலில் தண்ணி கேன் இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். கேன் போடுகிறவன் தோளில் காய்ப்பு இருப்பது நோய் இல்லை, சர்வீஸ். லிப்ட் இல்லாத மூன்று மாடி, தோளில் இருபது லிட்டர். முதலில் தோல் சிவக்கும், அப்புறம் தடிக்கும், அப்புறம் கருத்துக் கல்லாகிவிடும். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்கே தெரியும். புதிதாகச் சேர்ந்தவனுக்குத் தோள் காய்த்துவிட்டால் அவன் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். அன்றைக்குத்தான் அவனைக் கேன்காரன் என்று ஒப்புக்கொள்வோம். அப்படி வாங்கிக் கொடுத்தவர்களில் என் காய்ப்புதான் பெரிசு. வேறு எதிலும் நான் முதலாவதாக வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். "அண்ணாத்தேது பாரு, கொய்யாப் பிஞ்சு மாறி கீது. சீனியர்னா சீனியர்" என்று பக்தவத்சலம் புது ஆட்களிடம் காட்டுவான். நானும் சட்டையை விலக்கிக் காட்டுவேன்.

அது கொஞ்சம் கீழே தள்ளி இருக்கிறது என்று பொங்கலன்று சொன்னாய். எனக்குச் சரிந்த தோள். சட்டை தைக்கிற டெய்லரே அளவெடுக்கும்போது தலையில் அடித்துக்கொள்வான். தோள் சரிந்திருந்தால் காய்ப்பும் சரிந்துதானே இறங்கும்.

வலி இல்லை. அரிப்பு இல்லை. சோறு நன்றாக இறங்குகிறது. இப்போது எழுதியும் விட்டேன். போனை எடு கண்ணு.

அன்புடன்,
நைனா

ஓசூர்
17.2.2024

அன்புள்ள நைனா,

உன் கடிதத்தை கேன்டீனில் வைத்துப் படித்தேன். டெய்லர் வந்த இடத்தில் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. என் அறையில் இருக்கும் ஷாகிதா, பூந்தமல்லிப் பெண், உனக்குத் தெரியும், "இன்னாடி, மாப்ள போட்டோ வந்துக்கீதா" என்று பிடுங்கிப் படித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். போனில் அது முடியாது. அதனால்தான் எழுதச் சொன்னேன்.

மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. நைனா, கேன் உட்காரும் இடம் கழுத்தை ஒட்டி, தோளுக்கு மேலே. உன் கட்டி காறை எலும்புக்கு நாலு விரல் கீழே, முன்பக்கம். அந்த இடத்தை எந்தக் கேனும் தொட்டதில்லை. கேன் தொடும் இடத்தில் உனக்கு இன்னொரு காய்ப்பு தனியாக இருக்கிறது, எல்லோருக்கும் இருப்பதுபோல. பொங்கலன்று நீ குளித்துவிட்டுத் துண்டோடு வந்தபோது இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். மேலே இருப்பது கறுப்பு, சொரசொரப்பு. கீழே இருப்பது சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், மொச்சைக் கொட்டைகளைச் சேர்த்து ஒட்டினாற்போல, மேலே தோல் பளபளவென்று. நாள் முழுக்க லென்சுக்குக் கீழே சர்க்யூட் போர்டு பார்க்கிறவள் நான். ஒன்றோடு ஒன்று சேராதது இருந்தால் அதுதான் என் கண்ணில் முதலில் படும்.

ஜெகதீசன் மாமா கேன் வேலையை விட்டு ஆட்டோ ஓட்டுகிறாரே, அவர் காய்ப்பு இப்போது எங்கே? போன இடம் தெரியவில்லை. போன வருஷம் நீ கால் சுளுக்கி இரண்டு மாதம் வீட்டில் கிடந்தாய். அப்போது இது கரைந்ததா? வளர்ந்தது என்கிறாள் அம்மா.

இது என்னவென்று எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். தெரிந்தவர்களிடம் காட்டு என்கிறேன், அவ்வளவுதான். பெரியாஸ்பத்திரியில் தோல் வியாதிக்கு என்று தனி ஓ.பி. இருக்கிறது. போ. போய் வந்து நடந்ததை நடந்தபடி எழுது. அதுவரை போனை எடுக்க மாட்டேன். அம்மாவிடம் பேசும்போது நீ பின்னால் நின்று இருமுவதும் வேண்டாம்.

அன்பு மகள்,
நிஷா

மேனாம்பேடு
3.3.2024

அன்புள்ள நிஷாவுக்கு,

போனேன். பொய் இல்லை. அம்மாவைக் கேட்டுக்கொள், டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்ததே அவள்தான்.

வரிசையில் எல்லோரும் எதையாவது சொறிந்துகொண்டு நின்றார்கள். நான் ஒருவன்தான் சும்மா நின்றேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், வேற யாருக்காவது எடம் புட்ச்சிக்கினு நிக்கிறியா?" என்றார். மரியாதைக்கு நானும் முழங்கையைச் சொறிந்துகொண்டேன். அப்புறம்தான் அவர் பேச்சுக் கொடுத்தார்.

உள்ளே ஒரு டாக்டரம்மா. உன்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். சட்டையைக் கழற்றச் சொன்னார். கட்டியை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். மேல் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அடியில் நகர்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் சொன்னார்.

"எத்தனை வருஷமா இருக்குண்ணா?"

"ஆறு வருஷம் இருக்கும்மா. மொதல்ல மொளகு மாறி இருந்துச்சு."

"வலிச்சுதா? ரத்தம், சீழ்?"

"ஒண்ணும் கெடையாதும்மா. சாதுவான ஆளு. வாடகை குடுக்காத குடித்தனம், அவ்ளோதான்."

"சாதுவா இருக்கறதுதாண்ணா எனக்குப் புடிக்கல" என்றார்.

உள்ளே போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தார். அவரிடம் நான் கேன் கதையைச் சொன்னேன், காய்த்தவன் டீ வாங்கித் தரும் கதையையும். அந்தக் கதைக்கு இதுவரை சிரிக்காதவர்களே இல்லை. அவர் சிரிக்கவில்லை. கட்டியைச் சுற்றியிருக்கும் நல்ல தோலை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். இது காய்ப்பு இல்லை, கொழுப்புக் கட்டியும் இல்லை என்று நினைக்கிறேன், சின்னதாய் ஒரு துண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் சொல்ல முடியும், இன்றைக்கே எடுத்துவிடலாம், வெளியே உட்காருங்கள் என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் கடுமையாக இருந்தது. வெங்கடாபுரம் லோடு வேறு நின்றுகொண்டிருந்தது. வந்துவிட்டேன்.

அம்மா நலம். தெருவில் மெட்ரோ தண்ணிக் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை.

நைனா

ஓசூர்
9.3.2024

அன்புள்ள நைனா,

ஆஸ்பத்திரி வராண்டாவுக்குள் வெயில் எப்படி வந்தது?

நீ ஏன் எழுந்து வந்தாய் என்று எனக்குத் தெரியும். கன்னியப்பன் பெரியப்பாவை நினைத்துக்கொண்டாய். வயிற்றைத் திறந்தார்கள், மூடினார்கள், மாதம் திரும்பவில்லை. கத்தி பட்டதால்தான் பரவியது என்று சாவு வீட்டில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்தவத்சலம் மாமாவும் இப்போது உன்னிடம் அதையே சொல்லியிருப்பார், இல்லையா? நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்.

நைனா, பெரியப்பாவுக்குத் திறப்பதற்கு முன்பே நோய் எல்லா இடத்துக்கும் போயிருந்தது. திறந்ததால் பரவவில்லை. திறந்ததால் தெரிந்தது. ஷாகிதாவின் அக்கா நர்ஸ். அவரிடம் கேட்டேன். இந்த மாதிரிக் கட்டியில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து சின்னத் துண்டு எடுப்பதால் பரவாது, என்னவென்று தெரியாமல் வெறும் கட்டி என்று நினைத்து மொத்தமாகத் தோண்டி எறிந்தால்தான் பின்னால் தொல்லை என்றார்.

எங்கள் கம்பெனியில் ஒரு தொகுதி போர்டு மேல் சந்தேகம் வந்தால், ஓரத்தில் அதற்கென்றே விட்டிருக்கும் துண்டை வெட்டி, மெருகேற்றி, உள்ளே அடுக்கு அடுக்காகப் பார்ப்போம். மேலே பார்த்தால் எல்லாம் மினுமினுவென்றுதான் இருக்கும். ஒரு துண்டை வெட்டத் தயங்கினால் மொத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப வேண்டும். நான் அப்படி அனுப்பியதில்லை. உன்னை மட்டும் எப்படி அனுப்புவேன்?

போனை எடுக்காமல் இருப்பது எனக்கும் சுலபமாக இல்லை. நீ மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ்களைத்தான் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் கேட்கிறேன். "கண்ணு, நைனா ரெண்டாவது மாடில கீறேன், மேல போய் பேசறேன்" என்பாயே, அதை. ஷாகிதா தன் அப்பளத்தை என் தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

நிஷா

மேனாம்பேடு
7.4.2024

அன்புள்ள நிஷாவுக்கு,

நீண்ட கடிதம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

சதை எடுத்தாயிற்று என்று அம்மா போனில் சொல்லியிருப்பாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து, நான் உள்ளே இருந்த நேரம் முழுக்கக் கதவில் சாய்ந்து நின்றாள். "நீ ஒண்ணும் தொணைக்கு வர்ல, வாட்ச்மேன் வேலைக்கு வந்துக்கிற" என்றேன். "ஆமா, திருட்டுப் பய உள்ள கீறான்" என்றாள். வலி இல்லை நிஷா. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகரத்துக்கு ஓட்டை போடுகிற பஞ்ச் இருக்குமே, அதன் குட்டி மாதிரி ஒன்று. பேனா மூடி அளவுக்கு ஒரு வட்டம் எடுத்து, இரண்டு தையல் போட்டார்கள். எழுந்து வந்தபோது, இதற்காகவா ஓடினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

முதல் ரிசல்ட்டில் முடிவு தெரியவில்லை. செல்லெல்லாம் நூல் நூற்கிற கதிர் மாதிரி நீளமாகச் சுழன்று சுழன்று இருக்கிறதாம். அது நல்லதிலும் இருக்குமாம், கெட்டதிலும் இருக்குமாம். இன்னொரு சாயம் போட்டுப் பார்த்தார்கள். சாயம் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை சொன்னார்கள்.

புற்றுதான் கண்ணு.

தோலில் வருவது. அபூர்வமாம். லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராதாம். என்னைத் தேடி வந்திருக்கிறது பார். பெயர் டெர்மாட்டோ என்று ரயில் மாதிரி பட்டரவாக்கத்தில் கிளம்பி அரக்கோணம் வரைக்கும் போகிறது. டாக்டர்கள் சுருக்கி டி.எஃப்.எஸ்.பி. என்கிறார்கள். "டிஎஸ்பியா எஸ்பியா, சரியா கேளு" என்றாள் அம்மா. கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடினாள்.

டாக்டரம்மா உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். இது மெதுவாக வளர்கிற சாதி. ரத்தத்தில் ஏறி வேறு இடத்துக்குப் போவது ரொம்ப அரிது. ஆனால் இருக்கிற இடத்தில் தோலுக்கு அடியில் விரல் விரலாக ஓடும். மேலே தெரிவது கொஞ்சம், கீழே பரவியிருப்பது அதிகம். அம்பத்தூர் ஏரியில் ஆகாயத் தாமரை பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, ஒன்றை இழுத்தால் பத்தடி தள்ளி இருப்பது அசையும். அப்படி என்று நானாகப் புரிந்துகொண்டேன். அதனால் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றி நல்ல சதையையும் அகலமாகச் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகு உடனே மூட மாட்டார்கள். கட்டுப் போட்டு வைத்திருந்து, எடுத்ததன் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று பரிசோதித்து, சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். ஸ்கேனில் எலும்பைத் தொடவில்லை என்று வந்திருக்கிறது. அது நல்ல சேதி.

நம் ஆட்களிடம் மறுநாளே சொன்னேன். பக்தவத்சலம் கேனைக் கீழே வைத்தான். திடீரென்று சட்டையைக் கழற்றிவிட்டு, "அண்ணாத்தே, என்துல பாரு" என்றான். அப்புறம் எல்லோரும் கழற்றினார்கள். கேன் ஏற்றும் குட்டி யானை வண்டியைச் சுற்றி ஆறேழு பேர் வெற்று உடம்போடு ஒருத்தன் தோளை ஒருத்தன் அமுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மாடியிலிருந்து ஒரு அம்மாள், "இன்னாப்பா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறீங்களா? தண்ணி எப்ப வரும்?" என்றாள். யாருக்கும் வேறெதுவும் இல்லை. எல்லாம் சுத்தமான காய்ப்பு. பக்தவத்சலம் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்பக்கம் போய்விட்டான். நான்தானே எல்லாரிடமும் காட்டினேன் அண்ணாத்தே என்று அழுதான். கேனைத் தூக்குடா, மாடியில் திட்டுறாங்க என்று அனுப்பினேன்.

எலெக்‌ஷன் முடிந்த அடுத்த வாரம், 25ஆம் தேதி ஆபரேஷன். இனிமேல் அந்தத் தோளில் கேன் வைக்கக் கூடாது என்றார்கள். இந்த இடத்துக்கு ஒரு ஜோக் யோசித்தேன். வரவில்லை.

நீ வர வேண்டாம். லீவு கிடைக்காது. அம்மா இருக்கிறாள்.

நைனா

ஓசூர்
13.4.2024

அன்புள்ள நைனா,

நீ வர வேண்டாம் என்ற வரியை முதலில் எழுதி, அடித்துவிட்டு, கீழே மறுபடி எழுதியிருக்கிறாய். அடித்தது நன்றாகவே தெரிகிறது. வருகிறேன். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டேன். ஒரு வாரம்.

கடிதத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தேன், நீ சொன்னபடி. புற்று என்ற வரியை நீ தனியாக, வேறு எதோடும் சேர்க்காமல் எழுதியிருந்தாய். அந்த வரியில் விளையாட்டுப் பேச்சு எதுவும் வைக்கவில்லை. அதைப் படித்ததும் எழுந்து கை கழுவப் போனேன். கை ஏற்கனவே கழுவியிருந்தேன். நீ நேராகச் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை நைனா. நோயைச் சொன்னதற்கு நன்றி சொல்வார்களா? நான் சொல்கிறேன்.

கேன் ஏறாவிட்டால் என்ன. உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. வண்டியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு இத்தனை வருஷம் நீ மாடி ஏறிக்கொண்டிருந்தாய், ஓட்டினால் தூக்கம் வருகிறது என்று. பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டு. பக்தவத்சலம் மாமாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டால் அவர் பேச்சுக்கு யாருக்குத் தூக்கம் வரும்?

நாளைக்கு வருஷப் பிறப்பு. காலையில் கூப்பிடு. எடுப்பேன். ஆனால் மாங்காய்ப் பச்சடியைப் பற்றி மட்டும் பேசலாம். அதில் நீ எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்க வைக்கலாம்.

நிஷா

மேனாம்பேடு
12.5.2024

அன்புள்ள நிஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுதுவது நான், சொல்வது உன் நைனா. வலது கையைத் தூக்கக் கூடாது என்று நீ இங்கே இருக்கும்போதே டாக்டர் சொன்னாரே, அதனால் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். "தெனம்தான் போன்ல பேசிக்கினு கீறீங்களே, இப்ப இன்னாத்துக்குக் கடுதாசி" என்றேன். "எழுது சுலோ, சொல்றத சொல்றபடி எழுது" என்கிறார். ஆகையால் எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். தும்மினாலும் எழுதுவேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கும்.

இனி அவர் சொல்வது.

நிஷா கண்ணு, வெள்ளிக்கிழமை கட்டு மாற்றப் போனேன் அல்லவா. அன்றைக்கு ரிசல்ட்டும் வந்துவிட்டது.

(ரிசல்ட் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று என்னிடம் சொன்னார். நான் கம்பெனிக்குப் போயிருந்தேன், தனியாகத்தான் ரயிலில் போய் வந்தார். "இன்னாய்யா சொல்ற" என்று கேட்டேன். "எழுது" என்கிறார்.)

அடிப்பக்கம் சுத்தம். மூன்று பக்க ஓரமும் சுத்தம். கழுத்துப் பக்கத்து ஓரத்தில் இன்னும் இருக்கிறது.

(நிஷா, கொஞ்சம் இரு.)

(எழுதுகிறேன்.)

அந்த ஓரத்தை மறுபடி வெட்ட வேண்டும். வருகிற வியாழக்கிழமை. அவர்கள் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். நான்தான், யோசிக்க ஒன்றுமில்லை, எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று கேட்டு வாங்கினேன். அதைவிட்டு எழுந்து வந்தால் மறுபடி போக ஆறு வருஷம் ஆகும், என்னை எனக்குத் தெரியும்.

இதற்காகத்தான் புண்ணை மூடாமல் வைத்திருந்தோம் என்றார் டாக்டரம்மா. இந்த வகையில் இரண்டாம் தடவை வெட்டுவது புதிதில்லையாம். சுத்தமாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரியாம். ஆனாலும் பல வருஷம் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப எட்டிப் பார்க்கிற ஆசாமியாம்.

(வெள்ளிக்கிழமையிலிருந்து தெரியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டுகிறார். சனிக்கிழமை வஞ்சிர மீன் குழம்பு வைத்தேன் நிஷா. முள்ளைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஒரு கல்லு கம்மி என்றார்.)

உன் அம்மா முறைக்கிறாள் என்று எழுது.

(முறைக்கவில்லை. பார்க்கிறேன்.)

நேற்று உனக்கு போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா நைனா என்று நீ கேட்டாய். நான் பக்தவத்சலம் குட்டி யானையைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் இளநீர் வண்டியில் இடித்த கதையைச் சொல்லி, நீ சிரித்து, போனை வைத்துவிட்டோம். உன் அம்மாவிடம் நேரில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முட்டியில் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் தேய்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிறகுதான் இந்த யோசனை வந்தது. நான் சொல்ல இவள் எழுதினால் இரண்டு பேருக்கும் ஒரே தடவையில் சொன்ன மாதிரி ஆகும். இடையில் பேச்சை மாற்றினாலும் இவள் விடமாட்டாள்.

(இங்கே நிறுத்திவிட்டார். நான் காத்திருக்கிறேன். வெளியே குழாய்ப் பள்ளத்தில் ஆட்கள் மண் தள்ளும் சத்தம் கேட்கிறது. அவர் அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.)

"பயமா கீது" என்று எழுது.

(எழுதிவிட்டேன். இன்னும் ஏதாவது சேர்க்கணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்கிறார்.)

மீதி நான் எழுதுகிறேன் நிஷா. வியாழக்கிழமை நான் கூடப் போகிறேன், லீவு சொல்லிவிடுவேன். நீ அதற்குப் பதறிக்கொண்டு ஓடி வராதே. தோல் ஒட்டும்போது வா, அப்போதுதான் வீட்டில் ஆள் வேண்டும். அவர் நேற்றுச் சாப்பிட்ட மீனுக்கு எனக்கு வந்த கோபத்தை நீ வந்த பிறகு காட்டிக்கொள்கிறேன், இப்போது முடியவில்லை.

"கோவமா கீறியா சுலோ" என்று கேட்கிறார். இதற்குப் பதிலைக் காகிதத்தில் எழுத மாட்டேன். பேனாவைக் கீழே வைக்கிறேன். அவருடைய இடது கை என் பக்கமாக நீண்டிருக்கிறது.

அம்மா